ஜாங்கோவைப் பலரிடம் கொண்டுசேர்க்க நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் என்ற நிரல் மொழியில் இணையதளங்கள் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், கற்றும் தருகிறேன். அதை இன்னும் நிறையப் பேர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிற நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும். தளம் கட்டத் தேவையான பொதுவான பகுதிகளை ஆயத்தமாகத் தரும் மென்பொருள்தான் ஃபிரேம்வொர்க். பேச்சில் அப்படிச் சொல்வதைச் சட்டகம் என்று எழுதுகிறேன்.

ஜாங்கோ எங்கிருந்து வந்தது?

ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு ஊர். அங்கே வெளிவரும் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழின் இணையப் பிரிவில் வேலை செய்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் 2003இல் இதன் முதல் வடிவத்தை எழுதினார்கள். செய்தி அலுவலகத்தில் காலையில் கேட்ட பக்கம் மாலைக்குள் தயாராக வேண்டும். ஒவ்வொரு முறையும் தரவுத்தளம், படிவம், நிர்வாகப் பக்கம் என்று முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அந்த அவசரம்தான் ஜாங்கோவின் குணத்தைத் தீர்மானித்தது. தரவு எப்படி இருக்கும் என்று ஒரு முறை எழுதிவிட்டால், செய்தியாளர்கள் உள்ளே நுழைந்து பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் ஒரு நிர்வாகப் பக்கம் தானாகவே கிடைத்துவிடும். 2005 ஜூலையில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் வெளியிட்டார்கள். 2008இல் 1.0 பதிப்பு வந்தது. அதே ஆண்டு ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது.

இந்தப் பிறப்புக் கதையைப் புதியவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகு, இதில் ஏன் இத்தனை வசதிகள் முன்கூட்டியே இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

பெயரை எப்படிச் சொல்வது?

ஜாங்கோ. ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் வரும் டி எழுத்துக்கு ஒலி இல்லை. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் கலைஞரின் பெயர் அது.

நல்ல மென்பொருள் என்றால் தானாகவே பரவாதா? நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

தானாகப் பரவியதாகத் தோன்றுகிற எதற்கும் பின்னால் யாரோ மெனக்கெட்டிருப்பார்கள். விற்பனைப் பிரிவும் விளம்பரச் செலவும் உள்ள மென்பொருளுக்கு அந்த வேலையைச் சம்பளக்காரர்கள் செய்கிறார்கள். நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்த திறந்த மூல மென்பொருளுக்குப் பயனர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

பயனர்கள் கூடினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு வழு, அதாவது நிரலில் உள்ள பிழை, நூறு பேர் கண்ணில் படுவதும் லட்சம் பேர் கண்ணில் படுவதும் ஒன்றல்ல. துணைத் தொகுப்புகள் பெருகும். மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஏபிஐ எழுத ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க், உள்ளடக்க மேலாண்மைக்கு வாக்டெயில் போன்றவை எல்லாம் பயனர்கள் தங்கள் தேவைக்கு எழுதிப் பொதுவில் வைத்தவைதான். வாக்டெயில் லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் தளத்துக்காக டார்ச்பாக்ஸ் நிறுவனம் கட்டியது. 2014இல் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். இன்று ஊர் பேர் தெரியாத எத்தனையோ தளங்கள் அதன்மேல் ஓடுகின்றன.

மற்றச் சட்டகங்களைவிட இது உயர்ந்தது என்று எடுத்துச் சொன்னால் ஆட்கள் வருவார்களா?

வரமாட்டார்கள். லாராவெல், ரெயில்ஸ் போன்ற வேறு சட்டகங்களில் சோறு சம்பாதிக்கிறவரிடம் போய் உங்கள் கருவி மட்டம் என்றால் அவர் காதைப் பொத்திக்கொள்வார், அதுதான் இயல்பு. அந்தச் சட்டகங்களை எழுதியவர்களும் நம்மைப் போலத் தங்கள் உழைப்பைப் பொதுவில் வைத்தவர்கள்தான். ஜாங்கோ அவர்களிடம் கற்றிருக்கிறது, அவர்களும் ஜாங்கோவிடம் கற்றிருக்கிறார்கள். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அருகில் உட்கார்ந்து முதல் பக்கத்தை ஓடவிட்டுக் காட்டுங்கள் என்பேன்.

ஜாங்கோ பொருந்தாத இடங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு பக்கம் மட்டுமே உள்ள, எப்போதாவது மாறும் கடை அறிமுகத் தளத்துக்கு இது தேவையில்லை. வெறும் எச்டிஎம்எல் கோப்புகள் போதும். ஒரே ஒரு சிறு சேவைக்கு ஃபிளாஸ்க் என்ற சிறிய பைத்தான் சட்டகம் இலகுவாக இருக்கும். இதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, உங்கள் வேலைக்கு ஜாங்கோதான் சரி என்று நீங்கள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.

புதியவர் பொதுவாக எங்கே நின்றுவிடுகிறார்?

நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே. நிறையப் பேரை இழப்பது அங்கேதான்.

விண்டோஸ் கணினியில் பைத்தானை நிறுவும்போது பாதையில் சேர்க்கவும் என்ற சின்னப் பெட்டியை டிக் செய்ய மறந்துவிடுவார். பிறகு கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். அதைத் தாண்டினால், ஒரு திட்டத்துக்கான தொகுப்புகளைத் தனியாக வைக்கும் மெய்நிகர்ச் சூழலை இயக்கப் பார்க்கும்போது, பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைச் சாளரம், ஸ்கிரிப்டுகளை ஓட்ட இந்தக் கணினியில் அனுமதி இல்லை என்று சிவப்பில் எழுதும். இரண்டுக்கும் ஜாங்கோவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த மாணவரின் மனத்தில் ஜாங்கோ கடினம் என்று பதிந்துவிடுகிறது.

ஒரு பொறியியல் கல்லூரியில் நான் எடுத்த முதல் வகுப்பு இப்படித்தான் போயிற்று. ஆய்வகத்தில் இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்தது. தொகுப்பை இறக்குவதிலேயே காலை முழுவதும் கழிந்தது. மதிய உணவுக்குப் போன மாணவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. தவறு என்னுடையது. ஜாங்கோ மிகச் சிறிய தொகுப்பு. அதற்குத் தேவையான துணைத் தொகுப்புகளும் இரண்டு மூன்றுதான். முந்தைய நாளே எல்லாவற்றையும் பென் டிரைவில் இறக்கி எடுத்துப்போயிருந்தால் இணையமே இல்லாமல் நிறுவியிருக்கலாம். தரவுத்தளத்துக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் பைத்தானுடனேயே வருகிறது. ஜாங்கோவின் ஆவணங்களையும் முழுதாக இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வகுப்பிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். ராக்கெட் படம் போட்ட அந்த முதல் பக்கம் உலாவியில் தோன்றியதும் மாணவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே அடுத்த வகுப்பையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது பள்ளம், எழுதிய தளத்தை இணையத்தில் ஏற்றும்போது வருகிறது. பிழைகாட்டும் நிலையை அணைத்ததும் அழகாக இருந்த பக்கம் நிறமும் வடிவமும் இழந்து வெறும் எழுத்தாக நிற்கும். படங்கள், பக்கத்துக்கு வடிவம் தரும் கோப்புகள் போன்ற நிலைக்கோப்புகளை அப்போது ஜாங்கோ தானே பரிமாறாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? வகுப்பு எடுக்கிறவர்கள் தளத்தை ஏற்றுவது வரை கூடவே போக வேண்டும். தன் தளத்தின் முகவரியை அம்மாவுக்கு அனுப்பிவிட்ட மாணவர் அடுத்த வாரமும் வருவார்.

பயிற்சிப் பட்டறை நடத்த ஏதாவது முன்மாதிரி உண்டா?

ஜாங்கோ கேர்ல்ஸ் இருக்கிறது. போலந்தைச் சேர்ந்த ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா இருவரும் 2014 ஜூலையில் பெர்லினில் நடந்த யூரோபைத்தான் மாநாட்டில், பெண்களுக்காக முதல் இலவசப் பட்டறையை நடத்தினார்கள். அதற்காக எழுதிய பாடத்தையும் ஏற்பாட்டாளர்களுக்கான கையேட்டையும் பொதுவில் வைத்தார்கள். அதன் பிறகு அவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் உலகெங்கும் தங்கள் ஊரில் அதே பட்டறையை நடத்தத் தொடங்கினார்கள். ஜாங்கோவைப் பரப்ப இதுவரை நடந்த முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்தப் பாடத்தைப் படித்துப் பாருங்கள். இணையம் எப்படி வேலை செய்கிறது, கட்டளைச் சாளரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்கும். ஒரு வலைப்பதிவைக் கட்டி இணையத்தில் ஏற்றுவதோடு முடியும். ஒரு பயிற்றுநருக்கு மூன்று பேர் என்ற கணக்கு வைத்திருக்கிறார்கள். முந்தைய நாள் மாலையே எல்லோரையும் வரவழைத்து நிறுவல் வேலையை மட்டும் முடித்துவிடுகிறார்கள். என் முதல் வகுப்பு எங்கே தடுக்கியது என்று மேலே சொன்னேனே, அந்த இடத்தை இவர்கள் இப்படித் தாண்டியிருக்கிறார்கள்.

நீங்கள் நடத்தும்போது அறுபது பேரைக் கூட்ட ஆசைப்படாதீர்கள். நான்கு பயிற்றுநர்கள் கிடைத்தால் பன்னிரண்டு பேரை மட்டும் அழையுங்கள். பயிற்றுநர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: கற்கிறவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது. இது சுலபம்தானே என்ற சொல்லும் வாயில் வரக் கூடாது. எதிரில் இருப்பவருக்கு அது சுலபமாக இல்லாதபோது அந்தச் சொல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பாடத்திட்டத்தில் ஜாங்கோ இல்லை. கல்லூரியில் எப்படி நுழைப்பது?

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இறுதியாண்டுத் திட்டப்பணி என்ற வாசல் திறந்தே இருக்கிறது. நூலகப் பதிவேடு, விடுதி உணவுக் கணக்கு, பழைய மாணவர் பட்டியல் என்று கல்லூரிக்கே தேவைப்படும் ஒன்றை எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நிர்வாகப் பக்கம் தானாகக் கிடைப்பதால், நூலகர் இரண்டாம் வாரமே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடலாம். அவர் சொல்லும் குறைகள்தான் மாணவருக்கு உண்மையான பாடம்.

எங்கள் நிறுவனத்தில் மேலாளர் தயங்குகிறார். என்ன சொல்லலாம்?

மேலாளரின் பயம் நியாயமானது. இன்று எழுதுகிற நிரலை மூன்று ஆண்டு கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. வசதிகளின் பட்டியலைக் காட்டாமல் அதற்கு விடை சொல்லுங்கள்.

ஜாங்கோவின் புதிய பதிப்பு ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புகள் தனி: 2019இல் 2.2, 2021இல் 3.2, 2023இல் 4.2, 2025இல் 5.2. இவை ஒவ்வொன்றுக்கும் சுமார் மூன்று ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஒரு வசதியை நீக்கப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே எச்சரிக்கை காட்டி, அவகாசம் தந்த பிறகுதான் நீக்குகிறார்கள். பைத்தான் 2 மொழியைக் கைவிட்டபோதும் அப்படித்தான் செய்தார்கள். அதை ஆதரித்த கடைசிப் பதிப்பான 1.11 வெளிவந்தது 2017 ஏப்ரலில். அதற்கான ஆதரவு 2020 ஏப்ரல் வரை தொடர்ந்தது.

பாதுகாப்பைப் பற்றியும் பேசுங்கள். பயனருக்குத் தெரியாமல் அவர் பெயரில் படிவம் அனுப்பும் மோசடி, தரவுத்தளக் கட்டளைகளைத் திருட்டுத்தனமாக நுழைக்கும் எஸ்கியூஎல் ஊடுருவல், பக்கத்துக்குள் தீய ஸ்கிரிப்ட் நுழைப்பது போன்ற வழக்கமான தாக்குதல்களுக்கு ஜாங்கோ இயல்பாகவே தடுப்பு வைத்திருக்கிறது. நிரலர் மறந்தாலும் அது மறக்காது, நிரலர் வலியப் போய் அணைத்தால்தான் உண்டு.

எடுத்துக்காட்டு கேட்டால் இன்ஸ்டாகிராமைச் சொல்வது வழக்கம். 2010இல் அது ஜாங்கோவில்தான் தொடங்கியது. ஆனால் முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் மேலாளருக்கு இன்ஸ்டாகிராம் எந்த உலகமோ. பிழைகளைக் கண்காணிக்கும் சென்ட்ரி, குழு உரையாடலுக்கான ஜூலிப், இணையவழிப் பாடங்களுக்கான ஓப்பன் எடெக்ஸ் போன்றவற்றைக் காட்டுங்கள். இவற்றின் நிரலை இறக்கிப் படிக்க முடியும் என்பது பெரிய வசதி. பக்கத்திலேயே வேண்டுமென்றால், கொரோனா காலத்தில் 2020இல் கேரளத்தில் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய கேர் என்ற மருத்துவ நிர்வாக மென்பொருளின் பின்புலமும் ஜாங்கோதான்.

இருபது ஆண்டுப் பழசு, வேகமும் இல்லை என்கிறார்களே?

பழசு என்பது உண்மை, அது நல்லது என்பது என் எண்ணம். உங்களுக்கு வரும் பிழைச்செய்தி ஏற்கெனவே யாருக்கோ வந்து, விடையும் எழுதப்பட்டிருக்கும். அதற்காகச் சட்டகம் நின்றுவிடவும் இல்லை. 2019இல் 3.0 பதிப்பில் ஒத்திசைவற்ற இயக்கத்துக்கு, அதாவது ஒரு வேலை முடியக் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையைப் பார்ப்பதற்கு, அடித்தளம் போட்டார்கள். 3.1இல் பக்கங்களையே அப்படி எழுத முடிந்தது. 2022இல் 4.1 பதிப்பு தரவுத்தள வினவல்களுக்கும் அதைக் கொண்டுவந்தது.

வேகம் குறைவு என்று என்னிடம் வந்த தளங்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு ஒன்றுதான்: ஐம்பது பதிவுகளைக் காட்டும் பக்கம் தரவுத்தளத்தை ஐம்பத்தொரு முறை கேட்டுக்கொண்டிருக்கும். தொடர்புள்ள பதிவுகளையும் சேர்த்தே எடுக்கச் சொல்லி ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும்.

தமிழர்கள் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இதில் இருக்கிறதா?

இருக்கிறது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் நிர்வாகப் பக்கம் தமிழுக்குத் திரும்பும், ஆனால் முழுதாக அல்ல. பல சொற்றொடர்கள் இன்னும் மொழிபெயர்க்கப்படாததால் இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டும். படிவத்தில் தவறு செய்தவருக்குக் காட்டும் பிழைச்செய்திகள் தமிழில் இருக்க வேண்டியது மிகமிக அவசியம். தடுமாறி நிற்பவரிடம் அவர் மொழியில் அல்லவா பேச வேண்டும்? மொழிபெயர்ப்பு வேலை டிரான்சிஃபெக்ஸ் என்ற கூட்டு மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது. கணக்குத் தொடங்கித் தமிழ்க் குழுவில் சேரலாம், நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் பயனர், இன்னோரிடத்தில் உபயோகிப்பாளர் என்று வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

அடுத்தது நிரலர்களுக்கான வேலை. கட்டுரைத் தலைப்பிலிருந்து இணைய முகவரிக்கான துண்டை உருவாக்க ஜாங்கோவில் ஒரு செயற்கூறு உண்டு. அதில் யூனிகோட் எழுத்துகளை, அதாவது ஆங்கிலம் அல்லாத மொழிகளின் எழுத்துகளையும், அனுமதிக்கும் தேர்வும் இருக்கிறது. அந்தத் தேர்வோடு தமிழ் என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். தமழ என்று திரும்பி வரும். கோவில் என்று கொடுத்தால் கவல. உரையில் எழுத்து வடிவங்களைத் தேட உதவும் பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் க, ம போன்றவற்றை எழுத்தாக ஏற்கிறது, துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் எழுத்தின் பகுதியாக ஏற்பதில்லை. அதனால் அவை கழிக்கப்பட்டுவிடுகின்றன. இதே காரணத்தால் ஜாங்கோவின் இயல்பான பயனர்பெயர்ச் சோதனையும் உமா என்ற பெயரை ஏற்காது. எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே வரலாம் என்று சொல்லி மறுக்கும். தன் பெயரை எழுத்துகளால் மட்டுமே எழுதிய உமாவுக்கு இது எப்படி இருக்கும்?

வேர் பைத்தானில் இருப்பதால் ஒரே நாளில் தீரும் சிக்கல் அல்ல. இப்போதைக்கு உங்கள் தளத்தில் தமிழ் யூனிகோட் தொகுதியின் எல்லாக் குறிகளையும் அனுமதிக்கும் சொந்தச் செயற்கூறு ஒன்றும், முகவரிகளைப் படிக்கும் மாற்றி ஒன்றும், பயனர்பெயருக்குச் சொந்தச் சோதனை ஒன்றும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதியவர்கள் அதைத் தங்கள் திட்டத்துக்குள் புதைத்துவைக்காமல் சிறு தொகுப்பாகப் பொதுவில் வெளியிட்டால், தமிழில் தளம் கட்ட வருகிற அடுத்தவருக்கு ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும். தேவநாகரி, மலையாளம் போன்ற எழுத்துமுறைகளும் இதே இடத்தில்தான் அடிபடுகின்றன, அவர்களோடு கைகோக்கலாம்.

மூல நிரலில் பங்களிக்க அஞ்சுகிறேன். பெரிய ஆட்கள் அல்லவா அங்கே இருக்கிறார்கள்?

இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் வைத்திருந்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் ஜேக்கப் கப்லன்-மாஸும் 2014இல் அதை விட்டு விலகிக்கொண்டார்கள். இன்று அது ஒருவர் இருவர் கையில் இல்லை. செய்ய வேண்டிய திருத்தங்களின் பதிவுகளை டிக்கெட் என்பார்கள். புதியவர்களுக்கு ஏற்ற எளிய டிக்கெட்டுகளைத் தனியாகக் குறித்துவைக்கிறார்கள். ஒரு திருத்தத்தோடு சோதனையும், தேவைப்பட்டால் ஆவணமும் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. முதலில் சுமையாகத் தெரியும் இந்த விதிதான் ஜாங்கோவின் ஆவணங்கள் இவ்வளவு நன்றாக இருப்பதற்குக் காரணம். தனியே செய்யத் தயக்கமாக இருந்தால் ஜாங்கோநாட் ஸ்பேஸ் என்ற எட்டு வார வழிகாட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பணம் எங்கே போகிறது? கொடுத்தால் பயன் உண்டா?

உண்டு. வரும் டிக்கெட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது, திருத்தங்களைச் சரிபார்ப்பது, பாதுகாப்புப் புகார்களைக் கவனிப்பது, பதிப்புகளை வெளியிடுவது போன்ற ஓயாத வேலைகளுக்கு ஃபெல்லோ என்ற பெயரில் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறது அறக்கட்டளை. 2014இல் டிம் கிரஹாமோடு இது தொடங்கியது. அந்தச் சம்பளம் நன்கொடையிலிருந்துதான் வருகிறது. தரவுத்தள அமைப்பு மாறும்போது அதைப் பதிவுசெய்து நகர்த்தும் வசதியும் இப்படி வந்ததே. 2013இல் ஆண்ட்ரூ காட்வின் என்ற நிரலர் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பணம் திரட்டி எழுதியது 2014இல் 1.7 பதிப்பில் சேர்ந்தது. ஜாங்கோவால் ஆண்டு முழுவதும் வருமானம் பார்க்கும் நிறுவனங்கள் ஒரு மாதத் தேநீர்ச் செலவையாவது அனுப்ப வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

ஜாங்கோவை இதுவரை தொடாத ஒருவரை அழைத்து, அவர் கணினியிலேயே நிறுவச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உதவி கேட்கும் வரை பேச வேண்டாம். எந்த வரியில் புருவம் சுருங்கியது, எந்தச் சொல்லை இரண்டு முறை படித்தார், எங்கே கையை எடுத்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஐந்தாறு வரி சேர்ந்துவிடும். ஒவ்வொரு வரியும் ஆவணத்தில் நீங்கள் அனுப்பக்கூடிய ஒரு திருத்தம்.